கடைசி வரியில் ஒரு இன்ஷா அல்லாஹ்

எங்கள் வீட்டில் ஒரு போன் பேச்சை முடிப்பது லேசான காரியம் இல்லை. அரியாங்குப்பத்தில் இருக்கும் என் தங்கச்சியோடு தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பேசுவேன். பேச வேண்டியதெல்லாம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு அப்புறம்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

"சரிக்கா."

"சரிம்மா."

"வேற?"

"வேற என்னா, நீதான் சொல்லணும்."

"எனக்கு என்னா இருக்குது சொல்றதுக்கு. அப்ப வெச்சிடட்டா?"

"வெச்சிடு."

"ஆங், வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்…"

அந்த ஒன்று, மாவு புளிக்காத கதையில் கிளம்பி அவள் சம்பந்தியம்மாவின் முட்டிவலி வரைக்கும் போய்வரும். மறுபடியும் சரிக்கா, மறுபடியும் வேற. கடைசியில் ஒருவழியாக நான் போனை வைத்துவிடுவேன். வைத்துவிடுவேன் என்றால், நிஜமாகவே கொண்டுபோய் மேஜை மேல் வைத்துவிடுவேன். சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும் என்பது பாதி நாள் எனக்கு ஞாபகமே வராது. தங்கச்சியும் அதே ரகம்தான். அவள் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்கும். எங்கள் வீட்டுக்காரர் வந்து பட்டனை அமுக்கிவிட்டு, "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் போன் கம்பெனிக்காரன் மெடல் குடுக்கணும்" என்பார்.

என் மருமகள் இதைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள்.

அவள் படிப்பது தொடர்பியல். மனுஷருக்கு மனுஷர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், என்ன சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைப் பற்றிய படிப்பாம். டாக்டர் பட்டத்துக்காகச் சேர்ந்தவள், எங்கள் பேத்தி பிறந்ததும் நடுவில் நிறுத்திவிட்டாள். பிள்ளை நடந்து ஓடித் திரிய ஆரம்பித்த பிறகு மறுபடியும் போய்ச் சேர்ந்தாள். என் மகனுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். மற்ற நாளெல்லாம் மூலக்குளத்து வீட்டில் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தக் குட்டியும்தான். வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் அட்டைப் பெட்டி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். தமிழ் நன்றாக வாசிப்பேன், குர்ஆன் ஓதுவேன், இங்கிலீஷ் என்றால் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான். இவள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமி, நீங்க சித்திகூட பேசறத கொஞ்ச நாளைக்கு ரெக்கார்ட் பண்ணிக்கவா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான்" என்று கேட்டாள். கையெழுத்து வேறு போடச் சொன்னாள். சொந்த மருமகளுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட மாமியார் புதுச்சேரியில் நானாகத்தான் இருப்பேன்.

தங்கச்சியிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கினோம். அதுதான் வினையாகப் போயிற்று. ரெக்கார்ட் ஆகிறது என்று தெரிந்ததும் அவள் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா அவர்களே, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

"ஏண்டி, உனக்கு என்னா ஆச்சு?"

"இன்று எங்கள் இல்லத்தில் மீன் குழம்பு."

மருமகள் சமையல்கட்டில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல் வாரத்து ரெக்கார்டெல்லாம் குப்பைக்குத்தான் போயிற்று. அப்புறம் தங்கச்சிக்கு அந்த நினைப்பு மறந்துபோய், முட்டிவலியும் மாவும் தானாகத் திரும்பி வந்தன.

எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, மருமகள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். நாங்கள் எத்தனை தடவை 'வெச்சிடட்டா' என்று கேட்டாலும் பேச்சு முடிவதில்லையாம். யாராவது ஒருத்தி நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி, அதோடு இன்ஷா அல்லாஹ் சேர்த்துச் சொல்லி, மற்றவளும் அதைத் திருப்பிச் சொன்னால்தான் முடிகிறதாம். "அதுதான் மாமி உங்க செவப்புப் பட்டன்" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் பேசும்போது கவனித்தேன். சரிக்கா, வேற, வெச்சிடட்டா எல்லாம் வந்து போயிற்று. கடைசியில் தங்கச்சி, "நாளைக்குப் பேசறேன்கா, இன்ஷா அல்லாஹ்" என்றாள். நானும் "இன்ஷா அல்லாஹ்" என்றேன். அதோடு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அல்லாஹ் நாடினால் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எங்கள் பேச்சுக்கு வாசல்கதவாக இருந்து சாத்திக்கொடுத்திருக்கிறது என்பது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

இதைப் பெங்களூரில் நடக்கப்போகும் ஒரு மாநாட்டில் போய்ப் பேச வேண்டும் என்பது அவள் ஆசை. மாநாடு என்றால் நான் பார்த்ததெல்லாம் கட்சி மாநாடுதான். லாரி, கொடி, பிரியாணிப் பொட்டலம். இது அப்படி இல்லையாம். பல ஊர்ப் படிப்பாளிகள் கூடி, ஒவ்வொருத்தரும் கொஞ்ச நேரம் பேசுவார்களாம். அதில் இடம் கிடைக்க முன்கூட்டியே ஒரு ப்ரொபோசல் எழுதி அனுப்ப வேண்டும்.

நான் வெள்ளந்தியாகத் தங்கச்சியிடம், "மருமவ ப்ரொபோசல் அனுப்பப் போறாடி" என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்குக்கா? உன் வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணே இல்லையே!"

"கல்யாணத்துக்கு இல்லடி, மாநாட்டுக்கு."

"மாநாட்டுல இப்ப அதுவும் பாக்கறாங்களா?"

ஆனால் ஒரு விதத்தில் தங்கச்சி சொன்னதும் பொருந்தித்தான் இருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லும்வரை ஒரு வீடு எப்படி இருக்குமோ, அப்படித்தான் நாங்கள் இருந்தோம். ஏனென்றால் இதற்கு முன் இரண்டு மாநாடுகளுக்கு அவள் வேறு எதைப் பற்றியோ எழுதி அனுப்பி, இரண்டும் வேண்டாம் என்று திரும்பிவிட்டன. ஒரு நல்ல மாநாட்டிலாவது பேசியிருந்தால்தான் ஆராய்ச்சியைக் கொடுக்க முடியும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் நெருங்கிவிட்டது. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் அவளே சொன்னாள்.

"இதுவும் திரும்பி வந்துட்டா விட்டுடறேன் மாமி. ஸ்கூல்ல வேலை இருக்குதாம், போயிடறேன். பாதியில விட்டவன்னு பேர் வந்தா வந்துட்டுப் போவுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையில் இருந்த சட்டையை மட்டும் மூன்று தடவை மடித்துப் பிரித்தாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் விவரம் சொன்னோம். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா எழுதப் போற மருமவளே?"

"போன் பேச்சை எப்படி முடிக்கறாங்கன்னு மாமா."

"அதுக்கு ஒரு ஆராய்ச்சியா? செவப்புப் பட்டன அமுக்கினா முடிஞ்சிது. எழுதிக்கோ."

"உங்க போனையும் நான் கேட்டிருக்கேன் மாமா. நீங்க 'சரி'ன்னு சொல்றப்பவே கட் பண்ணிடறீங்க. எதிர்ல இருக்கறவங்க பாதியில நிக்கறாங்க."

"பெட்டி வேணும்ன்றான், சரின்றேன். அப்பறம் அவன்கூட நான் கொஞ்சிட்டு இருக்கணுமா?"

"அதையும்தான் எழுதறேன்."

"என்னையுமா போட்டுக் குடுத்திருக்க? மெர்சி பொக்கு!" என்று நன்றி சொல்லிப் பெரிய கும்பிடு போட்டார். முன்பெல்லாம் அவருடைய பட்டறைக்கு வந்துபோன, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா பெரியவரிடம் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அவ்வளவுதான். வசமாக மாட்டிக்கொண்டால் அதை எடுத்துவிடுவார்.

எழுத வேண்டியது முந்நூறு வார்த்தைக்குள் அடங்க வேண்டுமாம். எழுத உட்காரும் முன் ஒவ்வொரு விஷயத்தையும் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாவிட்டால் இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தாராம். கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கண்ணு, எல்லாம் 'காட்டும்', 'சொல்லும்', 'ஆராயும்'னே வருதே. இதெல்லாம் இன்னும் செய்யலையா?"

"பாதி செஞ்சாச்சு, பாதி இனிமேதான் மாமி. மாநாட்டுக்கு முன்னாடி இதெல்லாம் செஞ்சி முடிச்சிடுவேன், எனக்கு எடம் குடுங்கன்னு கேக்கறதுதான் இது."

"அப்ப இது நிய்யத்து மாதிரின்னு சொல்லு."

எதற்குச் சொன்னேன் என்றால், தொழுகைக்கு நிற்கும் முன் இன்ன தொழுகை தொழப்போகிறேன் என்று மனசில் எண்ணிக்கொள்கிறோம். அந்த நேரம் ஒன்றும் செய்திருக்க மாட்டோம். ஆனால் அந்த எண்ணம் இல்லாமல் செய்தால் செய்தது கணக்கில் வராது. இந்த முந்நூறு வார்த்தையும் அந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு நிய்யத்தும் இன்ஷா அல்லாஹ் இல்லாமல் வெறுமனே நிற்பதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. படித்தவர்கள் எழுதும் முறை அது என்று விட்டுவிட்டேன்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் அன்று பார்த்துக் குட்டிக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்ததில் அம்மா தோளில் படுத்துத் தூங்கிவிட்டது. கீழே போட்டால் அழுகிறது. நான் வாங்கினாலும் அழுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரு கையால் எப்படித் தட்டுவது?

"பரவால்ல மாமி, போன்ல பேசினா அதுவே எழுதிக்கும்" என்று சொல்லி, போனை மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளையைத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடந்தபடி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு சொல் தெரிந்தது. வில். வரப்போகும் காலத்துக்கு அதைப் போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மறக்கவில்லை. திஸ் பேப்பர் வில் என்று ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டு போய் நிறுத்துவாள். நிறுத்தும் இடத்தில் என் வாய் தானாக "இன்ஷா அல்லாஹ்" என்றது. கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்கள் இல்லையா, அப்படி. அடுத்தும் ஒரு வில். அடுத்தும் ஒரு இன்ஷா அல்லாஹ். நடுவில் அடுப்பில் பால் பொங்கியது. நான் "மருமவளே பாலு, பாலு" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

சொல்லி முடித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தோளில் இருந்த பிள்ளையும் சேர்ந்து குலுங்கியது.

"மாமி, நீங்க சொன்னதெல்லாம் எழுதிடுச்சு! வரிக்கு வரி இன்ஷா அல்லாஹ். அதுக்கும் மேல, நடுவுல யாரோ பால்னு ஒருத்தர் வந்துட்டாரு. மருமவளே மரமல்லி ஆயிடுச்சு, பாலு பால்னு ஒரு ஆளா ஆயிடுச்சு."

"யா அல்லா, அழிச்சிடு கண்ணு, அழிச்சிடு."

அழித்தாள். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழித்தாள். அவரைக்காயை விட்டுவிட்டு நானும் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த எழுத்துகளைக் கூட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று காட்டிக்கொடுத்தேன். எல்லாம் சுத்தமாயிற்று. நான் சமையல்கட்டுக்குப் போனேன். அனுப்பும் நேரத்தில் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மாநாட்டுக்கு முன் வேலை முடியுமா என்பதை ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும், அது விட்டுப்போயிற்று. நேரம் இல்லை. போனை வாயருகில் வைத்து, அந்த ஒரு வரியை அவசரமாகச் சொன்னாள். வில் என்ற சொல் கூடத்திலிருந்து என் காதில் விழுந்தது. அடுப்படியிலிருந்து நான் என் பங்கைச் சொன்னேன். அவள் பட்டனை அமுக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. நல்ல சகுனம் என்று இரண்டு பேரும் சந்தோஷமாகத் தொழப் போனோம்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். அனுப்பினதின் நகல் ஒன்று மருமகள் போனுக்கு வந்திருந்தது. "என் மருமவ இன்னா எழுதியிருக்கா பாக்கலாம்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரசீது படிக்கும் குரலில் ராகம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"தி ஸ்டடி வில் பி கம்ப்ளீட்டட் பிஃபோர் தி கான்ஃபரன்ஸ் இன்ஷா அல்லாஹ்."

நிமிர்ந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ்! பள்ளிவாசல் ஹஜ்ரத் எழுதின மாதிரி முடிச்சிருக்கியேம்மா."

"மாமா, விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன், இந்தா பாரு."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அனுப்பியதைத் திருத்த வழி இல்லையாம். மூன்றாவது தடவையும் திரும்பப்போகிறது என்று அவள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாக்கறேன்" என்று அங்கேயே தட்டினாள். எழுதியதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். கடைசி வரியில் ஒரு சொல் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, தயவுசெய்து அதை நீக்கிவிடவும்.

வீட்டுக்காரர், "ஆமா, அதுதான் சரி. அனுப்பு. நம்ம மனசு அல்லாவுக்குத் தெரியாதா?" என்றார்.

அவள் அனுப்பவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தவறுதலான்னு எழுதியிருக்கேன் மாமி. அத அனுப்பறதுக்குக் கை வர மாட்டேங்குது."

"உன் படிப்பு விஷயம் கண்ணு. எனக்கு என்னா தெரியும்? நீ எப்படிச் செஞ்சாலும் சரிதான்."

"நீங்க என்னா நினைக்கறீங்க, அதச் சொல்லுங்க."

"நான் நினைக்கறது… முடிச்சிடுவேன்னு எழுதியிருக்கே இல்ல? இன்னைக்குக் கொழந்தைக்குக் காய்ச்சல். நாளைக்கு என்னாவோ. அந்த வரில அந்த வார்த்தை இருக்கறது எனக்குத் தப்பாத் தெரியல. ஆனா அவங்களுக்குத் தெரியலாம்."

அவர் என்னைப் பார்த்து, "நீ சும்மா இரு, புள்ளைய குழப்பாத" என்றார். அதுவும் நியாயம்தான்.

மருமகள் எழுதின மெயிலை அழித்துவிட்டுச் சிரித்தாள். "நான் எழுதினதே இதைப் பத்திதான் மாமா. எங்க வீட்டுல பேச்சு இப்படித்தான் முடியும்னு முந்நூறு வார்த்தை எழுதிட்டு, அது அதே மாதிரி முடிஞ்சதும் தப்புன்னு சொன்னா எப்படி? இதுக்காகத் திருப்பி அனுப்பினா அனுப்பட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, பதில் வரும்வரை யாருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கையேந்தினேன். "ரஹ்மானே, அந்த வார்த்தை உன்னுடையது. அந்தப் புள்ளையும் உன்னுடையது. ரெண்டையும் நீயே பாத்துக்கோ" என்று கேட்டேன். தங்கச்சி தினமும் குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதுவதாகச் சொன்னாள். ஆனால் அவளுக்கு வேறொரு குறையும் இருந்தது. ஆராய்ச்சியில் யார் பெயரும் வராது என்றும், என்னை ஏ என்றும் அவளை பி என்றும் போட்டிருப்பதாகவும் மருமகள் சொல்லிவைத்திருந்தாள்.

"நான் மட்டும் ஏன் பி?"

"நான் மூத்தவ இல்லையாடி."

"பேசறதெல்லாம் நான். போன் போடறதும் நான். ஏ மட்டும் நீயா? நல்லா இருக்குதே உங்க படிப்பு."

வீட்டில் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. மருமகள் கையில் போனைப் பார்த்தால் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வேன். அவள் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். "மாமி, இப்ப ஒண்ணும் எழுதல, பேசுங்க" என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. நான் விட்டதைப் பேத்தி பிடித்துக்கொண்டது. காய்ச்சல் விட்டதிலிருந்து எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்.

"சோறு திங்கறியா?"

"இன்ஷா அல்லா."

"குளிக்கப் போலாமா?"

"இன்ஷா அல்லா." சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும்.

"வரமாட்டேன்னு அர்த்தம்" என்றார் வீட்டுக்காரர். "இதையும் எழுதிக்கோ மருமவளே."

பதில் வந்த அன்று நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். "மாமி!" என்று ஒரு கத்தல். பக்கத்து வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். மருமகள் செருப்புக்கூட இல்லாமல் வெயிலில் சுடும் தரையில் குதித்துக் குதித்து ஓடிவந்தாள். கால் சுட்டதில் குதிக்கிறாளா, சந்தோஷத்தில் குதிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"எடம் குடுத்துட்டாங்க மாமி! குடுத்துட்டாங்க!"

ஈரப் போர்வையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் நனைந்துபோய் நின்றோம். பக்கத்து வீட்டு அம்மா, "என்னாம்மா, இன்னொரு பேரப்புள்ளையா?" என்று கேட்டார். "இல்லக்கா, மாநாடு!" என்று கத்தினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "நல்லா இருக்கட்டும்" என்றார்.

கீழே வந்து உட்கார்ந்து முழுதும் வாசித்துச் சொன்னாள். அவள் எழுதியதை இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவர், பொருள் நன்றாக இருக்கிறது, கடைசி வரியில் தேவையில்லாமல் வந்திருக்கும் சொல்லை எடுத்துவிடவும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதற்கு நேர்மாறாக, பேச்சு எப்படி முடிகிறது என்று சொல்லவந்த எழுத்து தானும் அதே விதமாக முடிந்திருக்கிறது, வேண்டுமென்றே செய்ததா என்று அறிய ஆவலாக இருக்கிறது, கட்டுரையில் இதைப் பற்றிக் கட்டாயம் எழுதவும் என்று சொல்லியிருந்தார்.

"ஒருத்தர் எடுங்கறார், ஒருத்தர் வைங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?" என்றேன்.

ஆசிரியைக்குப் போன் போட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னாள். அந்த முந்நூறு வார்த்தைச் சுருக்கத்திலிருந்து எடுத்துவிடு, ஆனால் அது எப்படி உள்ளே வந்தது என்று கட்டுரையில் ஓர் அடிக்குறிப்புப் போடு, இரண்டு பேருக்கும் நிறைவாகிவிடும் என்றாராம். அங்கேயே உட்கார்ந்து எழுதி எனக்குத் தமிழில் படித்தும் காட்டினாள். 'இந்தச் சொல்லைச் சேர்த்தவர் பங்கேற்பாளர் ஏ. அவர் அப்போது சமையலறையில் இருந்தார்.' நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது. ஓரக்கண்ணால் இன்னொரு தடவை அந்த வரியைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அஸர் தொழுதுவிட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள், சிரித்தாள், இனிப்பு எப்போது என்று கேட்டாள். அடிக்குறிப்பு விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது.

"அதுலயும் ஏ-தானா?"

"நான்தானடி சொன்னேன்."

"யாசீன் ஓதினது யாரு? அதுக்கு ஒரு குறிப்பு இல்லையா?"

அதற்குள் மருமகள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். வருகிறேன் என்று மாநாட்டுக்கு உறுதி சொல்லிப் பதில் அனுப்ப வேண்டுமாம், நானும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். "சரிடி, வெக்கறேன், மருமவ கூப்புடறா" என்றேன். சரிக்கா என்றாள். வேற என்றாள். வேற ஒண்ணும் இல்லடி என்று சொல்லிவிட்டு, போனைக் கையோடு கொண்டுபோய் மேஜை மேல் வைத்துவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் அன்றைக்குச் சீக்கிரம் வந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டுப் பட்டறையில் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். குட்டி அவர் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"எழுதிட்டேன் மாமி. ஐ வில் அட்டெண்ட். நான் வருவேன்னு அர்த்தம்."

தலையை ஆட்டினேன்.

அவள் பட்டனை அமுக்கவில்லை. என்னையே பார்த்தாள். "என்னா மாமி, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

அப்போதுதான் தெரிந்தது, நான் முந்தானையை வாயில் வைத்திருக்கிறேன் என்று. வீட்டுக்காரர் சிரித்தார். "சொல்லேன். ஒலகத்துக்கெல்லாம் சொல்லுவ, இதுக்குச் சொல்ல மாட்டியா?"

"போன் எழுதிக்கப் போவுது."

"எழுதிக்காது மாமி. கையாலதான் தட்டியிருக்கேன். எழுதிக்கிட்டாலும் பரவால்ல."

முந்தானையை எடுத்துவிட்டு, அவள் தலையில் கைவைத்து, மனசார, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இன்ஷா அல்லாஹ்."

அவள் பட்டனை அமுக்கினாள். அந்த நேரம் என் பின்னால் மேஜை மேலிருந்து, மிக்ஸி சத்தத்துக்கு நடுவில், ஒரு குரல் வந்தது.

"இன்ஷா அல்லாஹ்க்கா! எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கேன். சரி… வேற?"